விலைவாசி இறங்கிவிட்டதாம், எங்கள் ஊர்க் கடையில் ஏன் தெரியவில்லை? - வாசகர் கேள்வி பதில்

இந்தமுறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி சாமான் விலையையும் கடனையும் பற்றியவை. காணி உறுதி, ஓய்வூதியம் பற்றி எழுதியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். புதிதாக வாசிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை: நான் மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையைச் சேர்ந்தவள். பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் கிராமிய வங்கியில் வேலை செய்து ஓய்வு பெற்றவள். எந்த மாதத்தில் காப்பும் தோடும் ஈட்டுக்கு வரும், எந்த மாதத்தில் மீண்டு போகும் என்று பார்த்துப் பார்த்துத்தான் ஊரின் வரவு செலவைப் படித்தேன்.

கேள்வி: பணவீக்கம் குறைந்துவிட்டது என்று வானொலியில் அடிக்கடி சொல்கிறார்கள். எங்கள் ஊர்க் கடையில் சீனி, பருப்பு, தேங்காய் எதுவும் பழைய விலைக்கு வரவில்லை. எங்களைத்தான் ஏமாற்றுகிறார்களா?
- ஒரு குடும்பப் பெண், மண்டூர்

பதில்: இல்லை மகள், உங்கள் கடைக்காரர் ஏமாற்றவில்லை. வானொலிக்காரரும் பொய் சொல்லவில்லை. வெள்ளம் ஏறுவது நின்றுவிட்டது என்றால் வடிந்துவிட்டது என்று அர்த்தமில்லையே. பணவீக்கம் குறைந்தது என்பதும் அப்படித்தான். விலை ஏறும் வேகம் குறைந்திருக்கிறது. ஏறிய விலை ஏறிய இடத்திலேயே நிற்கிறது.

2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 70 வீதத்தை எட்டியது. உணவுப் பொருள்களுக்கு மட்டும் பார்த்தால் ஏறத்தாழ 95 வீதம். அதாவது, முந்திய வருடம் 100 ரூபாய்க்கு வாங்கிய சாப்பாட்டுச் சாமான் 195 ரூபாய் ஆனது. இரண்டு வருடம் கழித்து, 2024 செப்டெம்பரில், அதே சுட்டெண்ணின்படி பணவீக்கம் பூச்சியத்துக்கும் கீழே போனது. நாடு தப்பிவிட்டது என்று பலர் மகிழ்ந்தார்கள். ஆனால் 195 ஆனது 100 ஆகவில்லை. எரிவாயுவை எடுங்கள். 12.5 கிலோ சிலிண்டர் 2021 நடுப்பகுதியில் 1493 ரூபாய். 2022 ஏப்ரலில் 4860. 2024 நடுப்பகுதியில் 3690. இறங்கியது உண்மை. ஆனால் பழைய விலையை வைத்துப் பார்த்தால் அப்போதும் இரண்டு மடங்குக்கு மேல். உங்கள் கணவரின் நாட்கூலி இரண்டு மடங்கு ஆனதா? அதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

இன்னொன்றும் இருக்கிறது. மாதக் கடைசியில் செய்தியில் வாசிக்கப்படும் அந்த எண் கொழும்பு நகர்ப்புற வீடுகளின் செலவை வைத்துக் கணக்கிடப்படுவது. நாடு முழுவதற்கும் தேசிய நுகர்வோர் விலைச் சுட்டெண் என்று வேறொன்று உண்டு. அது சில வாரம் பிந்தி வரும், அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. உழைப்பில் பாதிக்கு மேல் சாப்பாட்டுக்கே போகும் மண்டூர்க் குடும்பத்தின் கஷ்டம், வாடகைக்கும் வாகனத்துக்கும் பெருஞ்செலவு செய்யும் நகரத்துக் குடும்பத்தின் எண்ணில் முழுதாகத் தெரியாது.

அதோடு, உங்கள் கடைக்கு வரும் மாவும் சீனியும் கொழும்பில் இருந்து 300 கிலோமீற்றருக்கு மேல் லொறியில் வந்து, நகரத்து மொத்தக் கடையில் இறங்கி, அங்கிருந்து பட்டா என்ற சின்ன லொறியில் ஏறி, சில நேரம் குறுமண்வெளித் துறையில் வாவியைக் கடக்கும் 'பாதை' என்ற மிதவையிலும் ஏறித்தான் மண்டூருக்கு வருகின்றன. டீசல் விலை ஏறும்போது இந்த ஒவ்வொரு கைமாறலிலும் கொஞ்சம் கூடும். டீசல் இறங்கும்போது அந்தக் கூட்டல் எல்லாம் கழிவதை நான் கண்டதில்லை.

கேள்வி: ஒரு மாதம் மின்பட்டியல் சின்னத் தொகை. அடுத்த மாதம் கொஞ்சம்தான் கூடப் பாவித்தோம், பட்டியல் ஏறக்குறைய இரட்டிப்பு. மீற்றர் பிழையா?
- அக்கரைப்பற்று வாசகர்

பதில்: பெரும்பாலும் மீற்றர் பிழையாக இராது. 60 அலகு என்ற கோட்டைத் தாண்டியிருப்பீர்கள். 60 வரை ஒரு கட்டண அட்டவணை. அதற்கு மேல் ஒரு அலகு போனாலும் முதல் அலகில் இருந்தே வேறு, கூடிய அட்டவணை. நிலையான கட்டணமும் கூடும். பட்டியலில் எத்தனை நாளுக்கான வாசிப்பு என்று பாருங்கள். நாள் கூடினால் அலகு எல்லையும் அதற்கேற்பக் கூட்டிக் கணிக்கப்பட வேண்டும். மாத நடுவில் ஒருமுறை மீற்றரைப் பார்த்து எழுதிவைத்தால், தண்ணீர் மோட்டாரையும் ஸ்திரிக்கைப் பெட்டியையும் எவ்வளவு பாவிக்கலாம் என்று தெரியும்.

ஆனால் ஏழை வீட்டுக்குச் சிக்கனம் மட்டும் போதாது என்பதையும் சொல்லவேண்டும். மாதம் 30 அலகு, அதாவது இரண்டு மூன்று விளக்கும் ஒரு மின்விசிறியும் பாவித்த வீட்டுக்கு 2022 ஓகஸ்ட்டுக்கு முன் 105 ரூபாய் வந்தது. 2023 பெப்ரவரிக் கட்டணத்தில் அதே வீட்டுக்கு 1300 ரூபாய். பிறகு படிப்படியாகக் குறைத்தார்கள், சரி. ஆனால் அந்த மாதங்களில் கட்ட முடியாமல் இணைப்பு வெட்டுப்பட்ட வீடுகளில் பிள்ளைகள் குப்பி விளக்கில் படித்தார்கள். மண்ணெண்ணெயும் அப்போது மலிவில்லை.

கேள்வி: அக்கா, எனக்கு மானாவாரி வயல், மாரி வேளாண்மை மட்டும்தான். அறுவடை நேரம் நெல் விலை விழுகிறது. புரட்டாதி, ஐப்பசியில் நாங்களே கடையில் அரிசி வாங்கிச் சாப்பிடுகிறோம். விவசாயி வீட்டில் இது நடக்கலாமா? இதற்கு வழி என்ன?
- விவசாயி, வெல்லாவெளி

பதில்: தம்பி, உங்கள் கேள்விக்குத்தான் இந்தமுறை கூடுதல் இடம் ஒதுக்கியிருக்கிறேன். ஏனென்றால் எங்கள் பக்கத்துக் குடும்பங்களின் காசு அதிகமாக ஒழுகிப்போகும் இடம் இதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் கணக்கைப் போடுவோம். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு நாளுக்கு ஒன்றரைக் கிலோ அரிசி என்றால் வருடத்துக்கு ஏறத்தாழ 550 கிலோ. 100 கிலோ நெல் குற்றினால் 65 கிலோ அளவில் அரிசி கிடைக்கும். ஆக 850 கிலோ நெல் வேண்டும். 65 கிலோ மூடை என்றால் 13 மூடை.

2025 பெப்ரவரியில் அரசு நாட்டு நெல்லுக்கு அறிவித்த உத்தரவாத விலை கிலோ 120 ரூபாய். நாட்டரிசிக்கு 2024 டிசம்பரில் போட்ட கட்டுப்பாட்டு விலை 230. நீங்கள் 100 கிலோ நெல்லை 120 படி விற்றால் 12,000 ரூபாய். அதே நெல்லில் இருந்து வரும் 65 கிலோ அரிசியைக் கடையில் வாங்கினால் 14,950 ரூபாய். 850 கிலோவுக்கு இந்த வித்தியாசம் 25,000 ரூபாயைத் தாண்டுகிறது. வயலடியில் ஈர நெல்லை 100 ரூபாய்க்குத் தள்ளிவிட்டிருந்தால் 42,000 ரூபாய். அவிக்கும் கூலி, மில் கூலியைக் கழித்தாலும் மிஞ்சுவது பெரிய தொகைதான். பிள்ளைகளின் ஒரு வருடக் கொப்பி, சப்பாத்து, வகுப்புக் காசு அதற்குள் அடங்கிவிடும்.

இது தெரியாமலா விற்கிறீர்கள்? தெரிந்துதான் விற்கிறீர்கள். வெட்டு மெசின்காரருக்கு வயலிலேயே காசு கொடுக்க வேண்டும். உரக்கடையில் கடன், மருந்துக்கடையில் கடன். உர மானியம் ஹெக்டேயருக்கு 25,000 ரூபாய் என்று 2024/25 பெரும்போகத்துக்கு, அதாவது மாரி வேளாண்மைக்கு, கூட்டினார்கள். ஏக்கருக்கு ஏறத்தாழ பத்தாயிரம். நல்லது. ஆனால் விதைத்து முதல் உரம் எறிந்த பிறகு காசு வந்தால், அதற்கு முன்பே கடன் விழுந்திருக்கும். 2021 இல் இரசாயன உரத்தைத் தடை செய்து, பிறகு நவம்பரில் தடையை நீக்கினார்களே, அந்தப் பெரும்போகத்தில் விழுந்த கடனில் இருந்து இன்னும் எழும்பாத குடும்பங்கள் இருக்கின்றன. அதனால் "அவசரப்பட்டு விற்காதே" என்று சும்மா உபதேசம் செய்ய எனக்கு மனம் வராது.

நான் சொல்வது இவ்வளவுதான்: எல்லா நெல்லையும் பிடித்துவைக்க முடியாது, சோற்று நெல்லையாவது பிடித்துவையுங்கள். 13 மூடை முடியாவிட்டால் ஏழு மூடை. உரக்கடைக்காரரிடம் அறுவடைக்கு முன்பே போய்ப் பேசுங்கள். பாதிக் கடனை வெட்டு முடிந்ததும், மீதியை இரண்டு மாதம் கழித்தும் தருகிறேன் என்று சொல்லுங்கள். அவர் கேட்கும் மேலதிகத் தொகையை நான் மேலே போட்ட கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் உங்களுக்கே இலாபமாக இருக்கும். வீட்டில் நகை இருந்தால், அந்த இரண்டு மூன்று மாதத்துக்கு வங்கியில் ஈடு வைப்பது சோற்று நெல்லை விற்பதைவிடக் குறைந்த நட்டம். ஆனால் மீட்கும் திகதியை வீட்டில் எல்லாருக்கும் தெரியும்படி எழுதித் தொங்கவிடுங்கள். நகை ஏலத்துக்குப் போவது வறுமையால் மட்டுமல்ல, திகதி மறந்தும் போகிறது.

வைக்கும் நெல் நன்றாகக் காய வேண்டும். நெல் சந்தைப்படுத்தல் சபையும் 14 வீத ஈரப்பதனுக்கு மேல் எடுக்காது. மெசினில் வெட்டி வரும் நெல் அதைவிட நன்றாக ஈரமாக இருக்கும். படங்கில் பரவிக் காயவைத்து, பல்லில் கடித்துப் பார்த்தால் 'டக்' என்று உடைய வேண்டும். மூடைகளைப் பலகையின் மேல், சுவரில் இருந்து ஒரு முழம் தள்ளி அடுக்குங்கள். யானை வரும் பகுதி என்றால் வீட்டுக்குள் நெல் வைப்பதற்குப் பயப்படுவீர்கள். அந்தப் பயம் நியாயமானது. சொந்தக்காரர் வீடு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் இருந்தால் அங்கே வைக்கலாம்.

இன்னொரு விஷயம். தராசு. மூடைக்கு இரண்டு கிலோ 'கழிவு' என்று சாக்குக்கும் ஈரத்துக்கும் சேர்த்து வெட்டுவது எங்கள் வட்டைகளில், அதாவது வயல்வெளிகளில், வழக்கமாகிவிட்டது. 100 மூடைக்கு 200 கிலோ. சாக்கின் நிறை அதில் சின்னப் பங்குதான். விவசாய அமைப்பில் ஒரு தராசு வாங்கி, வருடாவருடம் முத்திரை பதித்து வைத்துக்கொண்டால், வியாபாரி வரும்போது இரண்டிலும் நிறுத்துப் பார்க்கலாம். தனி ஆளாகக் கேட்டால் வியாபாரி அடுத்த வயலுக்குப் போய்விடுவார். வட்டை முழுக்கச் சேர்ந்து கேட்டால் நின்று பேசுவார்.

கேள்வி: 1970 களில் கூப்பனிலும் மரவள்ளிக் கிழங்கிலும் எங்கள் தலைமுறை வாழ்ந்தது. இன்றைய பெண்கள் கைத்தொலைபேசிக்கு றீலோட் போட்டுவிட்டு விலைவாசி என்று அழுகிறார்கள். சிக்கனம் தெரியாத தலைமுறை என்று நீங்கள் ஏன் எழுதுவதில்லை?
- ஓய்வுபெற்ற அரச ஊழியர், ஆரையம்பதி

பதில்: ஐயா, உங்கள் வயதுக்கு மதிப்புக் கொடுத்துத்தான் எழுதுகிறேன். ஆனால் இதை என்னால் ஏற்க முடியாது.

அந்தக் காலத்துக் கஷ்டம் உண்மை. ஆனால் அப்போது அரிசிக் கூப்பன் கிட்டத்தட்ட எல்லாக் குடும்பத்திடமும் இருந்தது. வாராவாரம் ஒரு பங்கு அரிசி சும்மாவே கிடைத்தது. 1970 களின் கடைசியில் அதைக் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு மட்டும் என்று சுருக்கி, 1979 இல் உணவு முத்திரை கொடுத்தார்கள். முத்திரையில் எழுதியிருந்த ரூபாய் அப்படியே நின்றது. சாமான் விலை ஏறிக்கொண்டே போனது. இன்றைய தாய்க்குச் சங்கக்கடையில் அந்தக் கூப்பன் அரிசி இல்லை. அவள் ஒவ்வொரு கிலோவையும் அன்றைய விலைக்கு வாங்குகிறாள்.

தொலைபேசியைப் பற்றி: 2020, 2021 இல் பள்ளிக்கூடம் பூட்டியபோது பாடம் அதில்தான் வந்தது. இன்று ஒரு கூலித் தொழிலாளிக்கு "நாளைக்குப் புல்லுப் பிடுங்க வாங்க" என்ற அழைப்பும் அதில்தான் வருகிறது. வெளிநாட்டில் வேலை செய்யும் தாய் தன் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதும் அதில்தான். என் கண் முன்னால் தாய்மார் முதலில் குறைத்தது தங்கள் சாப்பாட்டை. பிறகு மீனை, பிறகு பால்மாவை. அவர்களுக்குச் சிக்கனம் கற்றுக்கொடுக்க எனக்குத் தகுதி இல்லை. உங்களுக்கும் இல்லை என்றே நினைக்கிறேன்.

கேள்வி: முட்டை, பால்மா வாங்கி ஒழுங்காகக் கொடுக்க முடியவில்லை. மூன்று வயதுப் பிள்ளை நிறை கூடவில்லை. என்ன கொடுக்கலாம்?
- இளம் தாய், வாகரை

பதில்: முதலில் உங்கள் பகுதிக் குடும்ப நல உத்தியோகத்தரைப் பாருங்கள் தங்கச்சி. நிறை குறைந்த பிள்ளைகளுக்கும் கர்ப்பிணித் தாய்மாருக்கும் திரிபோஷா என்ற சத்துமா இலவசம். கிடைத்தால் பிள்ளைக்கே கொடுங்கள். வீட்டில் எல்லாருக்கும் பங்கிட்டால் பிள்ளைக்கு மிஞ்சாது. பால்மாதான் சத்து என்று நினைக்க வேண்டாம். நெத்தலியை வறுத்து இடித்துச் சோற்றில் பிசையலாம். பயறு, கௌபி அவித்துக் கொடுக்கலாம். முருங்கை இலை வேலியிலேயே நிற்கிறது. அதைக் கொஞ்சம் தேங்காய்ப்பூ போட்டு வறுங்கள். நிறை ஏறாவிட்டால் வைத்தியரிடம் காட்டத் தாமதிக்காதீர்கள்.

கேள்வி: அக்கா, மூன்று இடத்தில் குழுக்கடன் எடுத்திருக்கிறேன். ஒன்றைக் கட்ட மற்றதை எடுத்தேன். கிழமைக் காசு கட்டும் நாள் வந்தால் பின்வளவால் ஓடி ஒளிகிறேன். கணவருக்கு ஒரு கடன்தான் தெரியும். எனக்கு நித்திரை இல்லை.
- பெயர் வேண்டாம், கிரான்

பதில்: மகள், உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை. முதலில் ஒன்று: நீங்கள் குற்றவாளி இல்லை. போருக்குப் பிறகு எங்கள் ஊர்களுக்குக் கடன் கொடுக்க வந்தவர்கள் பெண்களைத் தேடித்தான் வந்தார்கள். பெண் வெட்கத்துக்குப் பயந்து கட்டுவாள், அவள் கட்டாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரி கட்டவைப்பாள் என்ற கணக்கு அது.

இந்தக் கடனின் வட்டி எப்படி மறைகிறது என்று ஒரு உதாரணம். 50,000 ரூபாய் தருகிறார்கள். கிழமைக்கு 1300 படி 52 கிழமை கட்டச் சொல்கிறார்கள். மொத்தம் 67,600. மேலதிகம் 17,600. 35 வீதம் போலத் தெரியும். ஆனால் அந்த 50,000 வருடம் முழுக்க உங்கள் கையில் இல்லையே. முதல் கிழமையில் இருந்தே திருப்பிக் கட்டுகிறீர்கள். சரியாகக் கணக்குப் பார்த்தால் வருட வட்டி 60 வீதத்தைத் தாண்டுகிறது. இதில் பதிவுக் காசு, காப்புறுதி என்று முன்கூட்டியே பிடித்தால் இன்னும் கூடும். 2018 டிசம்பரில் மத்திய வங்கி, தன் உரிமம் பெற்ற நிறுவனங்கள் நுண்கடனுக்குப் பயனுறு வட்டி 35 வீதத்துக்கு மேல் எடுக்கக் கூடாது என்று எல்லை போட்டது. இந்தச் 'சரியான கணக்கு' வட்டியைத்தான் அது சொல்கிறது. நுண்நிதிக்கென்று 2016 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்கச் சட்டமும் வந்தது. ஆகவே உங்களுக்குக் கடன் தந்தவர்கள் உரிமம் பெற்றவர்களா என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

இனிச் செய்ய வேண்டியது. ஒரு கொப்பி எடுத்து மூன்று கடனையும் தனித்தனித் தாளில் எழுதுங்கள். எடுத்த திகதி, கையில் வந்த தொகை, இதுவரை கட்டியது, மிச்சம். மூன்று இடத்திலும் எழுத்தில் கணக்குக் கூற்றுக் கேளுங்கள்; தரமாட்டோம் என்றால், அப்படிச் சொன்ன திகதியையும் எழுதுங்கள். அதன் பிறகு கணவரிடம் சொல்லுங்கள். தனியாகச் சொல்லப் பயம் என்றால் உங்கள் தாயையோ மாமியையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். ஒளிப்பதற்குச் செலவாகும் சக்தி, கட்டுவதற்குச் செலவாகும் சக்தியைவிடப் பெரிது.

நாலாவது கடன் வேண்டவே வேண்டாம். யார் வீட்டு வாசலில் வந்து நின்று கெஞ்சினாலும் வேண்டாம். மூன்றையும் ஒரே நேரத்தில் பேசித் தவணையை நீட்டக் கேளுங்கள். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவியையோ பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரையோ கூட்டிப்போனால் பேச்சு வேறு மாதிரி நடக்கும். சிக்கனக் கடனுதவு கூட்டுறவுச் சங்கம் உங்கள் ஊரில் உயிரோடு இருந்தால், அங்கே அங்கத்தவராகச் சேர்ந்து குறைந்த வட்டிக்கு மாற்ற முடியுமா என்று விசாரியுங்கள். இருள்பட்ட பிறகு வீட்டுக்கு வந்து நிற்பது, அவமானப்படுத்துவது, மிரட்டுவது எதையும் நீங்கள் பொறுக்கத் தேவையில்லை. பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு எழுதுங்கள், இலக்கத்தை வாங்குங்கள்.

நித்திரை இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உயிரை விட நினைப்பு ஏதும் வந்தால் ஒரு நிமிடமும் தனியாக இருக்க வேண்டாம். 1926 தேசிய மனநல உதவி இலக்கம், தமிழில் பேசலாம். உங்கள் குடும்ப நல உத்தியோகத்தரிடமும் சொல்லலாம். எனக்கு மறுபடியும் எழுதுங்கள். பெயர் எழுதத் தேவையில்லை, 'கிரான்' என்று மட்டும் போடுங்கள், எனக்கு விளங்கும்.

கேள்வி: மண்ணெண்ணெய்ச் செலவு போக ஒன்றும் மிஞ்சவில்லை. படகு எஞ்சினை விற்றுவிட்டுக் கூலிக்குப் போகலாமா?
- கடற்றொழிலாளி, திருக்கோவில்

பதில்: ஒருமுறை கடலுக்குப் போக 25 லீற்றர் என்று வைப்போம். 2022 ஓகஸ்ட் வரை லீற்றர் 87 ரூபாய். 2,175 ரூபாயோடு போய்வந்தீர்கள். அந்த மாதமே 340 ஆனது. அதே பயணம் 8,500. 2025 இல் 180 இன் மேல் நின்றது, ஏறத்தாழ 4,600. ஆக மோசமான காலத்தைக் கடந்துவிட்டீர்கள். அப்போது விற்காத எஞ்சினை இப்போது விற்க வேண்டாம் என்பதுதான் என் அபிப்பிராயம். விற்பது எளிது, திரும்ப வாங்குவது உங்களைப் போன்றவருக்கு நடக்காத காரியம்.

வாடைக் காலத்தில் கடல் கொந்தளிக்கும்போது கூலிக்குப் போங்கள், அதில் குறைவில்லை. கடலுக்குப் போகும் மாதங்களில் இரண்டு குடும்பம் சேர்ந்து ஒரு படகில் போய்ப் பாருங்கள். உங்களுக்கு முற்பணம் தந்த முதலாளிக்கே மீனைக் கொடுக்க வேண்டும் என்ற கட்டு இருந்தால், அங்கேதான் மண்ணெண்ணெயைவிடக் கூடிய நட்டம் இருக்கிறது. கிலோவுக்கு அவர் தரும் விலையையும் அன்றைய சந்தை விலையையும் ஒரு மாதம் எழுதிப் பாருங்கள். அந்த முற்பணத்தை முதலில் அடைக்க வழி பாருங்கள். கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் கேட்பதானால் அதற்காகவே கேளுங்கள்.

கேள்வி: அஸ்வெசும என்ற அரச உதவிப்பணப் பட்டியலில் எங்கள் பெயர் இல்லை. எங்களைவிட வசதியானவருக்குக் கிடைக்கிறது. யாரிடம் முறையிடுவது?
- நாவிதன்வெளி வாசகி

பதில்: அஸ்வெசும 2023 இல் சமுர்த்திக் கொடுப்பனவுக்குப் பதிலாக வந்தது. கல்வி, சுகாதாரம், பொருளாதாரம், சொத்து, வீடு, குடும்ப அமைப்பு என்று ஆறு அளவுகோலில் 22 குறிகாட்டிகளைப் பார்த்துத்தான் தெரிவு நடக்கிறது. 2025 ஜனவரியில் வறிய குடும்பத்துக்கு மாதம் 10,000, மிக வறிய குடும்பத்துக்கு 17,500 ரூபாய் என்று கூட்டினார்கள். உங்கள் பிரதேச செயலகத்தில் மேன்முறையீடு கொடுங்கள். "நாங்கள் ஏழை" என்று மட்டும் எழுதாதீர்கள். எத்தனை பேர், யார் உழைக்கிறார், யாருக்கு நோய், கூரை என்ன, கிணறு உண்டா, காணி யார் பெயரில் என்று எழுதுங்கள். வைத்தியசாலைப் புத்தகத்தின் பிரதியையும் இணையுங்கள். படியொன்றை வைத்துக்கொண்டு, கொடுத்த திகதியோடு கையொப்பம் வாங்குங்கள். அடுத்த வீட்டுக்காரரைக் குறை சொல்லி எழுதுவதில் நேரத்தைச் செலவிடாதீர்கள். அவர் பெயர் போனாலும் உங்கள் பெயர் அதனால் வராது.

கேள்வி: சகோதரி, நான் கிராமத்தில் சின்னக் கடை நடத்துகிறேன். எல்லாரும் விலைவாசிக்கு எங்களைத்தான் ஏசுகிறார்கள். என் கடன் கொப்பி நிரம்பிவிட்டது. வாங்கியவர் கட்டுவதற்குள் அதே சாமானின் விலை ஏறிவிடுகிறது. கடையைப் பூட்டுவதா?
- கடைக்காரர், சம்மாந்துறை

பதில்: பூட்டாதீர்கள். உங்கள் கடை பூட்டினால், கையில் காசில்லாத நாளில் அந்த ஊர்ப் பிள்ளைகள் சாப்பிட வழி இல்லை. 2022 இல் பல ஊர்களை உயிரோடு வைத்திருந்தது உங்களைப் போன்றவர்களின் கொப்பிதான். அதை யாரும் எழுதவில்லை என்பதால் நான் எழுதுகிறேன்.

உங்கள் நட்டம் எங்கே நடக்கிறது என்றால், சீனியை இன்றைய விலைக்குக் கடனாகக் கொடுத்து, 45 நாள் கழித்துக் காசு வரும்போது அந்தக் காசுக்குக் குறைந்த சீனிதான் வாங்க முடிகிறது. கைமுதல் கரைகிறது. விலையைக் கூட்டி இதைச் சமாளிக்க நினைக்க வேண்டாம். கட்டுப்பாட்டு விலைக்கு மேல் விற்றால் 2021 திருத்தத்துக்குப் பிறகு தனி ஆளுக்குக் குறைந்த தண்டமே ஒரு இலட்சம் ரூபாய். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 இல் ஒரு அழைப்பு வந்தால் போதும், கடை முழுவதும் அதில் போய்விடும்.

மூன்று காரியம் செய்து பாருங்கள். பக்கத்து இரண்டு கடைக்காரரோடு சேர்ந்து ஒரே பட்டாவைப் பிடித்துச் சாமான் ஏற்றுங்கள். போட்டி கடையில் இருக்கட்டும், கூலியில் வேண்டாம். சின்னப் பைக்கற்றுகளைக் குறைத்து, பருப்பு, சீனி, செத்தல் மிளகாயைப் பெரிய மூடையாக எடுத்து 50 கிராம், 100 கிராம் என்று நிறுத்துக் கொடுங்கள். ஏழைகள் கிராமுக்குக் கூடிய விலை கொடுப்பது அந்தச் சின்னப் பைக்கற்றில்தான். கடனையும் இரண்டாகப் பிரியுங்கள். அரிசி, மா, பருப்பு, சீனி, பிள்ளைக்குப் பால் ஆகியவற்றுக்குக் கொப்பி திறந்திருக்கட்டும். சிகரட், சோடா, பிஸ்கட், வெற்றிலைக்குக் கொப்பி இல்லை, கையில் காசு. பழைய பாக்கிக்கு ஒவ்வொரு வீட்டுக்கும் அவரவர் வருமானம் வரும் மாதத்தைப் பார்த்துத் தவணை போடுங்கள். வேளாண்மைக்காரருக்கு மாசி, பங்குனி. மேசன், கூலிக்காரருக்குச் சனிக்கிழமை. அஸ்வெசும வீட்டுக்கு வங்கியில் காசு விழும் கிழமை. பேசி ஒத்துக்கொண்ட திகதியை அவர் கையாலேயே கொப்பியில் எழுதவையுங்கள்.